பாகொவா, பகோவா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை சரிந்தால் முதலில் திட்டு வாங்குவது மழை, அடுத்தது குவாத்தமாலா. போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எங்கும் போகாதவர்கூட அந்த நாட்டின் பெயரைப் பிழையில்லாமல் சொல்வார். பின்னே? ஏலக்காய் ஏற்றுமதியில் நம்மை முந்திக்கொண்டு முதலிடத்தில் நிற்கிறவர்கள் ஆயிற்றே!

போட்டிக்காரன் பாஷை தெரிந்தால் நல்லதுதானே என்று ஸ்பானிஷ் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். பி.காம். புத்தி, முதலில் தேடியது 'பணம் கொடு' என்கிற வினைச்சொல்லைத்தான்.

'நான் கொடுக்கிறேன்' என்றால் பாகொ. 'அவன் கொடுத்தான்' என்றால் பகோ. இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள்தான், இரண்டே அசைதான். முதல் அசையை அழுத்தினால் என் பாக்கெட் காலி. இரண்டாவதை அழுத்தினால் அவன் பாக்கெட் காலி! எழுதும்போது கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டை நம்பித்தான் அங்கே கணக்கு வழக்கே நடக்கிறது.

'நான் கொடுத்தேன்' என்பது பகே. நடுவில் ஒரு 'யு' எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். ஸ்லீப்பிங் பார்ட்னர்! பேசமாட்டார், ஆனால் அவர் விலகினால் 'க' போய் 'ஹ' வந்துவிடும். அந்தக் 'க'கூட நம் நாக்குக்குப் பழசுதான். 'பக்கம்' என்பதில் வருகிற க அல்ல. 'பகல்' என்பதில் வருகிற மெத்தென்ற க.

எங்கள் தமிழ் ஐயாவிடம் கொடுத்தால் பாகொவை நேர்-நேர், தேமா என்பார். பகோவை ஒரே நிரையாக்கி, மலர் என்று முடித்துவிடுவார்.

தமிழில் அழுத்தத்தால் ஆள் மாறுவதில்லை. கொடுத்தேன், கொடுத்தான் என்று வாலிலேயே ஆள் மாட்டிக்கொள்கிறான். ஆனால், நாம் லேசுப்பட்டவர்களா? தப்பிப்பதற்கென்றே 'குடுத்தாச்சு' வைத்திருக்கிறோமே!

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டு இருட்டில் வீடு திரும்புகிற எங்கள் தெரு அக்கா ஒருவர், மூன்று வாரக் கூலிக்காக நடையாய் நடந்தார். "அதான் குடுத்தாச்சேம்மா" என்றார் கணக்கப்பிள்ளை.

"யாரு குடுத்தாக? யாரு கையில குடுத்தாக? அதச் சொல்லுங்கய்யா."

கணக்கப்பிள்ளை நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அதில் ஆளும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அக்காவைக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க நோட்டுக்களை எண்ணி வைத்தார். "இந்தாம்மா, நான்தான் குடுக்குறேன். நல்லாப் பாத்துக்க!"

அதாவது, பாகொ.