நாளைக்குக் கப்பல் இருக்கோ?

காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போகும் வழியில், வெயில் ஏறுமுன்பே அந்த அம்மாவைக் கண்டேன். மடியில் பனங்கட்டிக் குட்டான் நிறைந்த பை, கையில் மகன் வாங்கிக்கொடுத்த கைபேசி.

"தம்பி, நாளைக்கு நாகபட்டினம் கப்பல் வெளிக்கிடுமோ? இதிலை எங்கை போட்டிருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பயணத் தகவல் தரும் ஓர் இணையப் பக்கம் திறந்திருந்தது. முதலில் நீலக் கடல். அது நகர்ந்தால் கோயில் கோபுரம், அதுவும் நகர்ந்தால் சிரிக்கும் குடும்பம். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். கப்பல் அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அடியில், படமாகக் கிடந்தது. பெரிதாக்கினால் எழுத்துக் கலங்கியது. திகதியைக் காணவில்லை.

இந்தக் கப்பலுக்குத் திகதிதான் உயிர். 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய சேவை, பருவமழை நெருங்க ஒரு வாரத்துக்குள் நின்றுபோனது. மறுபடி ஓடியது 2024 ஓகஸ்ட் 16இல். பழைய அறிவித்தலை நம்பி வந்தால் பயணச் செலவும் ஒரு நாளும் வீண்.

அந்தப் பக்கத்தின் தேடற்பெட்டியில் 'காங்கேசன்துறை' என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்கு எழுத்தே இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த அறிவித்தல்களுக்கும் இதே கதிதான்: நம் கண்ணுக்கு 'அ', கணினிக்கு ஆங்கில 'எம்'. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் முழுவதும் ஆங்கிலக் குப்பையாக விழும். யூனிகோட்டில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊர்ப்பெயரையும் நாங்கள் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. பாதிப்பேருக்கு இது கே.கே.எஸ். அப்படித் தேடுகிறவருக்கும் பக்கம் அகப்பட வேண்டாமா?

இணையப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சனின் குழு, இணையப் பக்கங்களைப் பார்க்கும் 232 பேரின் கண்ணசைவை 2006இல் அளந்து பார்த்தது. மேல்வரிகளையும் இடது ஓரத்தையும்தான் கண் பற்றிக்கொள்கிறது. கீழே போகப்போகப் பார்வை மெலிகிறது. அந்த மேல்வரியைப் படங்களுக்குக் கொடுத்துவிட்டு, மனிதர் தேடி வந்த ஒற்றைப் பதிலை அடியில் புதைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடைவாசலில் ஒரு மட்டை தொங்கியது. மேலே நாளைய திகதி, அதன்கீழ் தடித்த எழுத்தில் 'கப்பல் இருக்கு', அதன்கீழ் வரவேண்டிய நேரம். வாற போற எல்லாரும் கேட்கிறார்கள் என்பதால் துறைமுகத்தில் விசாரித்துத் தினமும் எழுதி மாட்டுகிறாராம் கடைக்காரர்.

அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. நின்ற இடத்திலிருந்தே வாசித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.