தகரக் கூரை மழை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மழை முதலில் காலில்தான் தெரியும். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு உள்ளங்கால் படுகிற மண் ஜில்லென்று ஆகும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடித்தால் போதும், குழிச் சுவரில் நீர் கசிந்து நிற்கும். அப்பா ராத்திரி எழுந்து டார்ச் அடித்து, குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். கையில் ஈரம் ஒட்டினால் மறுநாள் தறி ஓடாது. பட்டு இழை ஈரத்தை இழுத்துக்கொண்டு துவண்டுவிடும். தெருவில் பாவு போட முடியாது. சாயம் காயாது. கோர்வைச் சேலை என்றால் இரண்டு பேர் உட்கார்ந்தும் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். முடித்துக் கொடுத்தால்தான் கூலி. குழி காய்கிறவரை வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்ததற்காக ஒருமுறை அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த வீட்டுப் பெண் மழைக்காக ஏங்குவாள் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

2015 ஜூனில் என் கணவருக்கு அந்தமானில் மூன்று வருட ஒப்பந்த வேலை கிடைத்தது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மூன்றாம் நாள் போர்ட் பிளேயரின் ஹாடோ துறையில் இறங்கினோம். 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் வாயில் வரவில்லை. நான் குடித்தனம் நடத்தியது போர்ட் பிளேயரில்.

ஜங்லிகாட்டுக்கு மேலே ஒரு சரிவில் வீடு. தகரக் கூரை. போய் இறங்கிய அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் படுத்திருப்பவர் பேசினால்கூடக் கேட்காத சத்தம். திடுக்கிட்டு எழுந்தவள், தூக்கக் கலக்கத்தில் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டுத் தரையைத் துழாவினேன். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. கதவைத் திறந்தால் தண்ணீர் படிக்கட்டு படிக்கட்டாகக் குதித்து இறங்கி, கீழே கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் தட்டையான ஊர். மழைத் தண்ணீர் தெருவில் நின்று, மண்ணில் இறங்கி, மெதுவாக வீட்டுக்குள் வந்து ஊறும். இங்கே அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நாளைக்குத் தறி உண்டா என்ற கேள்வி இல்லாமல் நான் கேட்ட முதல் மழை அது.

அங்கே வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால், வடகிழக்கும் சேர்ந்துகொண்டு டிசம்பர்வரை இழுக்கும். அவ்வளவு பெய்தும், ஜனவரி முதல் ஏப்ரல்வரை குடிதண்ணீருக்குத் திண்டாட்டம்தான். ஊருக்குத் தண்ணீர் தருகிற தனிக்காரி அணையில் மட்டம் இறங்கிவிட்டால் குழாயில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். எங்கள் சரிவில் அதனால் வீட்டுக்கு வீடு கூரையடியில் ஒரு டிரம் இருந்தது.

டிரம் வைக்கச் சொல்லிக்கொடுத்தது மேல் வீட்டு ராமநாதபுரத்து அக்கா. "முதல் மழையைப் பிடிக்காத தங்கச்சி. அது கூரையைக் கழுவிட்டுப் போகட்டும். ரெண்டாவது மழைதான் நமக்கு" என்றார். பழைய வேட்டியை இரண்டாக மடித்து டிரம்மின் வாயில் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். கல்லின் கனத்தில் துணி குழிந்து, தண்ணீர் அந்த இடத்தில் வடிகட்டி இறங்கும். காலி டிரம்மில் விழும்போது டங் டங்கென்று அதிரும். கால்வாசி ஏறியதும் குரல் கம்மும். கழுத்துவரை வந்துவிட்டால் களுக் களுக்கென்று மட்டும் கேட்கும். கொஞ்ச நாளில், படுத்தபடியே எத்தனை குடம் தேறும் என்று சொல்லிவிடுவேன். அப்பா ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக் கூலியைக் கணக்குப் போட்டது மாதிரி, நான் சத்தத்தைக் கேட்டுத் தண்ணீரைக் கணக்குப் போட்டேன்.

பொழுதும் அங்கே வேறு மாதிரி. கடிகாரம் இந்தியக் கடிகாரம்தான். ஆனால் தீவு அத்தனை கிழக்கே இருப்பதால் கோடையில் ஐந்து மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் மாலை ஐந்துக்கு சூரியன் போய்விடும். ஐந்தரைக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் முன்னால் நீளமாக ஒரு ராத்திரி கிடக்கும். அந்த நேரத்தில்தான் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பாடம் படிக்க வருவார்கள். அங்கே அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலும் படிக்கலாம். தீவிலேயே பிறந்த குழந்தைகள் அவர்கள். காஞ்சிபுரம் என்று பாடத்தில் வந்தால், "மெயின்லேண்டுல உங்க ஊர்ல கடல் எந்தப் பக்கம் ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். கடல் இல்லை, ஏரிதான் என்றால் பாவமாகப் பார்ப்பார்கள்.

கீழ் வீட்டில் ஒரு வங்காளக் குடும்பம். அந்த வீட்டு தீதியும் நானும் பேசிக்கொண்டது இந்தியில், இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத மொழியில். கப்பல் தாமதமானால் வெங்காயமும் தக்காளியும் கடையில் விலை ஏறிவிடும். யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் பாதி கொடுப்பார்கள். ஒருநாள் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியை தீதிக்குச் செய்து காட்ட ஆசை வந்தது. மூங்கில் குடலைக்கு அங்கே பஞ்சமில்லை, தீதியின் மாமனாரே முடைந்து கொடுத்தார். மந்தாரை இலைதான் கிடைக்கவில்லை. வாழையிலையைச் சுற்றி, மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப்போட்டு, நெய் விட்டு வேகவைத்தேன். கோயில் இட்லியின் மணம் அதில் இல்லை. ஆனால் மழைக்கு அடுப்படியில் மூன்று குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைச் சுடச்சுட வெட்டித் தின்றோம். அந்த வாழையிலை மணம் இப்போது எனக்கு வேண்டும். கோயில் இட்லி நினைத்தால் இங்கே காஞ்சிபுரத்தில் கிடைக்கிறது, அது கிடைக்கவில்லை.

அந்தத் தீவின் ஈரத்தால் எனக்கும் ஒரு நஷ்டம் உண்டு. பெட்டியைத் திறந்தபோது, அப்பா நெய்த என் முகூர்த்தப் புடவையின் மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. போனில் அப்பாவிடம் அழுதேன். "நிழல்ல காய வெச்சு, மெல்லிசு துணியால தட்டு. மாசம் ஒருதரம் மடிப்ப மாத்தி வெய்யி" என்றார். திட்டவில்லை. அந்தப் புடவையின் முந்தியில் ஓர் ஓரம் இன்றும் மங்கலாகத்தான் இருக்கிறது.

நாங்கள் போய் இறங்கிய அதே வருடம் நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடங்கிய மழை, டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்ததுவரை எல்லாருக்கும் தெரியும். என் சித்தப்பா மகன் எங்கள் தறிக்கூடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்தது 2020-இல்தான். அதற்கு முன்னால் இணையம் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பியது. படம் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியில் நல்ல மழை. டிரம் டங்கென்று தொடங்கி, கம்மி, நிறைந்து வழிந்தது. விடிகாலையில் படம் திறந்தது. குழி நிறையச் செம்மண் தண்ணீர், அதில் மிதிபலகை மிதக்கிறது. பாதி நெய்த பாவில் அரக்குச் சிவப்பு சாயம் கீழ்ப்பக்கமாக இறங்கியிருக்கிறது.

அன்றைக்கு டிரம்மிலிருந்து தண்ணீர் மொள்ள எனக்குக் கை வரவில்லை. எந்த மழையைக் கேட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேனோ அதுதான் அங்கே குழிக்குள் இறங்கியிருக்கிறது என்று தோன்றியது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சோறும் சூரைமீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் டிரம்மிலிருந்து தானே இரண்டு குடம் மொண்டு உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

2018-இல் காஞ்சிபுரத்துக்கே திரும்பினோம். டிரம்மை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்; கூழாங்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கண் மங்கி, முழங்கால் மடக்க முடியாமல் போய், தறியை விட்டுவிட்டார். குழியை மண் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டியாயிற்று. மாடி காங்கிரீட். மழை பெய்தால் எதுவும் கேட்பதில்லை. காலையில் வாசல் ஈரத்தைப் பார்த்துத்தான் ராத்திரி பெய்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். கேட்காத மழை எனக்குத் தாங்கவில்லை. போன ஐப்பசியில் பழைய சாமான் கடையில் ஒரு தகர டிரம் வாங்கிவந்து, மாடிக் குழாய் விழுகிற இடத்தில் வைத்தேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டி, நடுவில் அந்தக் கல்லை வைத்தேன்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மழை வந்தது. டங் டங். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"மழையா கண்ணு?"

"ஆமாம்பா."

"குழிய பாத்தியா?"

எழுந்து போய் டைல்ஸ் தரையில் கையை வைத்துத் தடவினேன்.

"காஞ்சுதான்பா இருக்கு."

"சரி" என்று படுத்துக்கொண்டார். வெளியில் டிரம்மின் குரல் மெல்லக் கம்மத் தொடங்கியிருந்தது.