ஃபால்மவுத்: கடிதங்கள் காத்திருந்த துறைமுகம்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைத் தமிழில் கழிமுகம் என்கிறோம். முகத்துவாரம் என்றும் கூறுவர். ஆங்கிலேயரோ அதனை ஆற்றின் வாய் என்பர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியில், ஃபால் ஆறு கடலைச் சேரும் இடத்தில் அமைந்த நகரம் ஃபால்மவுத். 'ஃபால் ஆற்றின் வாய்' என்பதே அப்பெயரின் பொருள்.

நான் அந்நகரை நேரில் கண்டதில்லை. நிலப்படத்திலும் நூல்களிலும் மட்டுமே அறிவேன். எனினும், பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறி வாழும் எனக்கு அதன் வரலாறு நெருக்கமானது. ஏனெனில், அது நெடுங்காலம் கடிதங்களால் வாழ்ந்த ஊர்.

அங்குள்ள துறைமுகம் மனிதர் வெட்டியதன்று. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட மிகத் தாழ்ந்திருந்தது. அப்போது ஆறு ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றை அரித்து உருவாக்கியது. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர்ந்தது. பள்ளத்தாக்கினுள் கடல்நீர் புகுந்து நிறைந்தது. சில இடங்களில் அதன் ஆழம் 30 மீட்டருக்கும் மேல். இருபுறமும் நிலம் உயர்ந்து நிற்பதால், வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே கப்பல்கள் அமைதியாக நிற்கும். இத்துறையின் அருமையை உணர்ந்த எட்டாம் ஹென்றி மன்னர், 1540களில் அதன் வாயிலின் இருபுறமும் பென்டெனிஸ், செயின்ட் மாஸ் என்னும் கோட்டைகளை எழுப்பினார். அவை இன்றும் நிற்கின்றன.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகர் அஞ்சல் கப்பல்களின் நிலையமாயிற்று. இலண்டனிலிருந்து புறப்படும் பாய்மரக் கப்பல், எதிரே வீசும் மேல்காற்றோடு போராடியே கால்வாயைக் கடக்க வேண்டும். ஃபால்மவுத்தோ மேற்கு முனையில் உள்ளது. அங்கிருந்து நேரே பெருங்கடலில் இறங்கலாம். ஆகவே ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்கிந்தியத் தீவுகள், அமெரிக்கா ஆகியவற்றுக்குரிய கடிதங்கள் இங்கிருந்தே சென்றன. பகைவர் கப்பலைக் கைப்பற்றும் நிலை வந்தால், எடை கட்டிய அஞ்சற்பைகளைக் கடலில் மூழ்கடித்துவிட வேண்டும் என்பது மாலுமிகளுக்கு இடப்பட்ட ஆணை. 1805ஆம் ஆண்டு டிராஃபால்கர் போரின் வெற்றியையும் தளபதி நெல்சனின் மரணத்தையும் தாங்கிய செய்தி நவம்பர் 4 அன்று இங்கேதான் கரையேறியது. அதைக் கொண்டுவந்த அதிகாரி, வழிநெடுக 21 முறை குதிரைகளை மாற்றி இலண்டனை அடைந்தார்.

நான் கல்வியியல் பயின்ற நாளில், விடுதிக்கு அஞ்சல்காரர் வரும் நேரம் எனக்கு மனப்பாடம். அம்மா எழுதும் நீல நிற உள்நாட்டுக் கடிதத்தில், ஒட்டும் மடிப்பின் ஓரத்திலும் இரண்டு வரிகள் இருக்கும். நானோ ஓரிரவு இரயில் பயணத் தொலைவில்தான் இருந்தேன். மாதக்கணக்கில் கப்பலை எதிர்நோக்கிக் கரையில் நின்ற மாலுமியரின் மனைவியரை எண்ணிப் பாருங்கள்!

காலம் மாறியது. நீராவிக் கப்பல்களுக்குக் காற்றின் தயவு தேவைப்படவில்லை. இலண்டனோடு இருப்புப்பாதையால் இணைந்த சவுத்தாம்டன் துறைமுகத்துக்கு அஞ்சற்பணி சென்றது. 1850இல் ஃபால்மவுத்தின் அஞ்சல் நிலையம் மூடப்பட்டது. பின்னர், இந்தியாவை நோக்கிய தந்திவடத்தை இந்நகரில் கரையேற்றத் திட்டமிட்டனர். ஆனால், இத்துறையில் நிற்கும் எண்ணற்ற கப்பல்களின் நங்கூரங்கள் வடத்தை அறுத்துவிடும் என அஞ்சி, 1870இல் போர்த்கர்னோ என்னும் சிற்றூரில் அதனைக் கரையேற்றினர். துறைமுகத்தின் சிறப்பே அவ்வாய்ப்பைப் பறித்தது.

ஆயினும் நகரம் சோர்ந்துவிடவில்லை. 1860இல் கப்பல் பழுதுபார்க்கும் துறைகளை அமைக்கத் தொடங்கினர். அத்தொழில் இன்றும் நடைபெறுகிறது. தொலைநாடுகளிலிருந்து தானியம் ஏற்றிவரும் பாய்மரக் கப்பல்கள், சரக்கை எத்துறையில் இறக்குவது என்னும் ஆணையைப் பெற இங்கே வந்து நின்றன. ஃபால் ஆற்றுச் சிப்பிகளை இன்றும் பாய்மரப் படகிலும் துடுப்புப் படகிலும் சென்றே எடுக்கின்றனர். இயந்திரப் படகுக்கு அனுமதி இல்லை. அதனால் சிப்பிகள் அழியாமல் நிலைக்கின்றன.

இந்நகருக்கும் நம் நாட்டுக்கும் இனிய தொடர்பு ஒன்று உண்டு. 1968 ஜூன் 14 அன்று ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்பவர் 'சுஹைலி' என்னும் சிறு பாய்மரப் படகில் இங்கிருந்து தனியே புறப்பட்டார். எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றி, 312 நாள்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று இங்கேயே திரும்பினார். அவ்வாறு தனியே சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. அப்படகு மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது.

மாணவர்களே! பாய்மரம் போய் நீராவி வந்தது, தந்தி வந்தது, இன்று கைப்பேசி வந்துவிட்டது. ஆனால், தொலைவில் இருப்பவரின் சொல்லுக்காக ஒருவர் காத்திருப்பது மட்டும் மாறவில்லை. உங்களுள் பலர் ஊரிலுள்ள பாட்டியோடு தமிழில் பேசுகிறீர்கள், எழுதத்தான் தயங்குகிறீர்கள். பிழை இருந்தாலும் நான்கு வரிகள் எழுதி அனுப்புங்கள். பேசிய சொல் அந்நேரத்தோடு போய்விடும். எழுதியதைப் பாட்டி மீண்டும் மீண்டும் எடுத்துப் படிப்பார்.

சிந்தித்து எழுதுக

1. அஞ்சல் கப்பல்கள் ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டதற்குக் காரணம் யாது?
2. 'துறைமுகத்தின் சிறப்பே அவ்வாய்ப்பைப் பறித்தது' – விளக்குக.
3. ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு, நீங்கள் வாழும் நகரைப் பற்றித் தமிழில் கடிதம் எழுதுக.