எந்த விதி வெல்லும்?

தமிழ் கற்பிப்போர்க்கு ஜாவா எதற்கு என வினவுவோர் உளர். சென்ற கோடை விடுமுறை வரை நாமும் அவர்களுள் ஒருவரே.

துறை நூலகப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்ற விழைந்தபோது, பொறியியல் பயிலும் நம் தமக்கை மகன் ஸ்பிரிங் பூட் என்னும் ஜாவா சட்டகத்தில் செயலியொன்று ஆக்கித் தந்தான். 2014-இல் முதற்பதிப்புக் கண்ட சட்டகம் அது. எந்த வாயிலில் இயங்குவது, எந்தத் தரவுத்தளத்தில் எழுதுவது என்பனவற்றை 'அப்ளிகேஷன் பிராப்பர்ட்டீஸ்' என்னும் சிறு கோப்பில் குறித்தால் போதும். நிரலைத் தொட வேண்டுவதில்லை.

மாணவர் சிலர் காலை முதல் மாலை வரை அமர்ந்து நூற்குறிப்புகளைத் தட்டச்சு செய்தனர். மாலையில் மின்சாரம் நின்றது. மீண்டும் செயலியை இயக்கினோம். பட்டியலில் ஒரு நூல்கூட இல்லை! கோப்பைத் திறந்து நோக்கினோம். தரவுத்தள முகவரி பிழையின்றி இருந்தது. மாணவர் முகம் நோக்க நமக்கு நாணமாயிற்று.

தொலைபேசியில் அழைத்தோம். "மாமா, கோப்பை மட்டும் பார்த்தால் போதாது. கணிப்பொறியின் சூழல் மாறிகளையும் பாருங்கள்" என்றான். சோதனைக்கென நினைவகத்தில் மட்டும் வாழும் எச்2 தரவுத்தளத்தின் முகவரியைச் சூழல் மாறியாக அவனே அமைத்திருந்தான், நீக்க மறந்துவிட்டான்.

செயலித் தொகுப்பின் உள்ளிருக்கும் கோப்பினும் வெளியில் வைக்கப்பெறும் கோப்பு வலிது. அதனினும் சூழல் மாறி வலிது. அதனினும் ஜாவா அமைப்புப் பண்பு. இவை அனைத்தினும் இயக்கும்போது கட்டளை வரியில் இடும் மதிப்பு வலிது. கோப்பில் 8081 என்றிருக்கக் கட்டளை வரியில் 9090 என்றால், செயலி 9090-இலேயே திறக்கும். கோப்பிலுள்ளது அழிவதில்லை, மேலுள்ளதை நீக்கின் மீண்டும் ஆட்சிக்கு வரும்.

இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. உயிர்முன் வல்லினம் மிகும் என்னும் பொதுவிதியை மறுத்தே, வினைத்தொகையாகிய 'சுடுகாடு' இயல்பாய் நிற்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் இலக்கண நூலார் விலக்கையும் அதே நூலுள் கூறிச் செல்வர்; இங்கோ விலக்கு நூலுக்கு வெளியே, படிப்பவர் கண்படாத இடத்தில் இருக்கிறது. இவ்வசதியை நாம் குறை கூறவில்லை. ஒரே செயலி சோதனைக்கும் பணிக்கும் உதவுவது இதனாலன்றோ? குறித்து வையாததே குற்றம்.

மறைந்த குறிப்புகள் மீளவில்லை. மறுநாள் மாணவரோடு நாமும் அமர்ந்து மீண்டும் தட்டச்சு செய்தோம். அக்கணிப்பொறியில் அமைத்துள்ள மாறிகளின் பெயர்கள் இப்போது ஒரு தாளில் எழுதப்பெற்று, திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டுள்ளன.