ஓரிக்கையில் யாருக்கு என்ன பயம்?

காஞ்சிபுரம் ஓரிக்கை பஸ் பணிமனைக்கு எதிரே ஒரு டீக்கடை. மாலை ஆறரை மணி. டியூட்டி முடிந்த டிரைவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்கள். டீ ஆற்றுகிறவரிடம், "இந்தப் பக்கம் மனை வாங்கினா பயமில்லாம இருக்கலாமா?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "எந்த பயத்தைக் கேக்கறீங்க சார்? திருடன் பயமா, டிப்பர் லாரி பயமா?"

கேலியாகச் சொன்னாரோ என்னவோ, சரியான எதிர்க்கேள்விதான். தமிழ்நாடு முழுவதும் 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் பதிவான கொலைகள் ஏறத்தாழ 1,700. பத்து மடங்கு வித்தியாசம். ஆனாலும் மனை பார்க்க வருகிற எவரும் இந்த ரோட்டில் எத்தனை பேர் அடிபட்டுச் செத்தார்கள் என்று கேட்பதில்லை. கொலை நடந்த தெருவில் மனை விலை இறங்கும். விபத்து நடந்த முக்கில் பஞ்சர் கடை வரும். அவ்வளவுதான்.

உத்திரமேரூர் சாலையில் பாலாற்றை நோக்கி நடந்தேன். விளக்குகள் பரவாயில்லை. டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பெண் பிள்ளைகள், கைக்குழந்தையோடு நடைபோகும் அம்மாக்கள் என்று ஏழு மணிக்கும் தெருவில் பெண்கள் இருக்கிறார்கள். ஓர் ஊரின் பாதுகாப்பை அளக்க எனக்குத் தெரிந்த முதல் அளவுகோல் இதுதான். இருட்டிய பிறகு பெண்கள் தெருவில் இல்லாத ஊரில் வழிப்பறி குறைவாகத்தான் பதிவாகும், பறிகொடுக்க ஆள் இல்லாததால்.

மகா பெரியவர் மணிமண்டபத்தைத் தாண்டினால் ஆறு. 2021 நவம்பரில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போன பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. அந்த மணலும் முன்பிருந்த மட்டத்தில் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "நாங்க கையால தோண்டி ஊத்துத் தண்ணி குடிச்ச எடம்" என்று காட்டிய இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. சட்டப்படி அனுமதியில்லாமல் மணல் அள்ளுவது திருட்டு. கனிமச் சட்டத்தோடு சேர்த்துத் திருட்டு வழக்கும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. ஆனால் பெரியவர் ஒரு தடவைகூடத் திருட்டு என்று சொல்லவில்லை. "மணல் ஓட்டினாங்க" என்றார். வீட்டுக்காரன் யாரென்று தெரிந்தால்தானே திருடு போனதாகத் தோன்றும்.

திரும்பும்போது தறிச் சத்தம் கேட்ட தெருவுக்குள் நுழைந்தேன். ஓரிக்கைத் தொழிற்பேட்டையில் அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை இருக்கிறது. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுகிற வேலை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போகிற ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம். கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை ஒரு மார்க். விற்பதும் வாங்குவதும் அந்தக் கணக்கில்தான். வெள்ளி விலை ஏற ஏற, ஒரு சாதாரண நெசவாளி வீட்டின் குழித்தறியில் நகைக்கடைக்குச் சமமான சரக்கு கிடக்கிறது. கதவோ தகரக் கதவு.

திண்ணையில் உட்கார்ந்து நூல் இழைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் "இங்க ஒண்ணும் பயமில்லண்ணா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். போன வருஷம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் வைத்திருந்த ஜரிகை காணோம். பட்டு, பாவு, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுத்தது. நெசவாளிக்குச் சொந்தம் உழைப்பு மட்டும்.

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனா மொதலாளிக்குத் தெரிஞ்சிடும். வித்துட்டு திருடு போச்சுன்னு சொல்றாங்களோன்னு ஒரு நெனப்பு வந்துட்டா அடுத்த பாவு குடுப்பாரா? கூலில கழிச்சிக்கங்கன்னு சொல்லிட்டோம்."

கழித்து முடிக்க எத்தனை சேலை ஆனது என்று கேட்டேன். சிரித்தார். இன்னும் முடியவில்லை.

இந்தத் திருட்டு எந்தக் கணக்கிலும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புத்தகத்தில் குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்கிற கணக்கு. வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். போட்டது. நம் ஊர்களில் புகாரோடு போகிறவர் பெரும்பாலும் கையில் வாங்கி வருவது சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. இருந்தும் ரசீதோடு நின்ற புகார்கள் எத்தனையோ. அந்த அம்மா ரசீது வரைக்கும்கூடப் போகவில்லை. குற்றம் குறைந்த ஊரும் புகார் குறைந்த ஊரும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதே தெருவில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காஞ்சிப் பட்டின் அழகே கோர்வைதான். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம். அதற்குத் தறியில் நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளையுடையது. அப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை தறிக்குப் போகும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2003இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது காஞ்சிபுரமும் அதில் இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக, வாசலில் கோலம் போட்ட வீடுகளுக்குள் பட்டப்பகலில் நடந்த குற்றம். அந்த ஆண்டுகளில் இந்த ஊரைக் கேட்டிருந்தால் "அமைதியான கோயில் ஊர்" என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். இன்று தறியடியில் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. பள்ளியும் கண்காணிப்பும் ஒரு காரணம், தறியே குறைந்துபோனது இன்னொரு காரணம்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துச் சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில். இந்தக் கோயில் அலுவலகத்தில்தான் 2004 செப்டம்பர் 3ஆம் தேதி மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நவம்பரில் காஞ்சி மடத்தின் சங்கராச்சாரியார் ஜெயேந்திரரே கைதானதால் இந்தியா முழுக்கக் காஞ்சிபுரத்தைத் திரும்பிப் பார்த்தது. வழக்கு புதுச்சேரிக்கு மாறியது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27இல் குற்றம் சாட்டப்பட்டிருந்த 23 பேரும் விடுதலை. 2004ஆம் ஆண்டின் கணக்கில் இது ஒரு கொலை, அவ்வளவே. கொலை உண்டு, கொன்றவர் எவரும் இல்லை என்று முடிந்த வழக்குக்குப் பட்டியலில் எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இதே கோயில்தான் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனத்துக்காக ஏறத்தாழ ஒரு கோடிப் பேரைத் தாங்கியது. ஊரின் சொந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சத்துக்குள். அந்த 48 நாளில் பறிபோன சங்கிலியும் மணிபர்சும் வெளியூர்க்காரர்களுடையது. ஒரு லட்சத்துக்கு இத்தனை என்று வகுப்பதோ உள்ளூர் மக்கள்தொகையால். ஜூலை 18ஆம் தேதி நெரிசலில் நான்கு பேர் இறந்தது குற்றக் கணக்கில் வராது. அதே ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2022இல் தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் வந்து மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்தை எடுத்துக்கொண்டது. "காஞ்சிபுரத்தில் குற்றம் பாதியாகக் குறைந்தது" என்று யாராவது சொன்னால், மாவட்டமும் சுருங்கியதைச் சேர்த்துச் சொல்கிறாரா என்று பார்க்கவேண்டும். சென்னைக்கும் கோவைக்கும் மாநகரப் பட்டியலில் தனி வரி உண்டு. 2021இல் மாநகராட்சி ஆன காஞ்சிபுரத்துக்கு அங்கே இடமில்லை. மாவட்டக் கணக்குக்குள் கரைந்துபோகிறது.

சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு நிலத் தரகர் அலுவலகம். ஓரிக்கை மனைகளின் வரைபடம் சுவர் முழுக்க. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் அடுத்தடுத்த கம்பெனிகள் என்று தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து நிலத்தின் விலை ஏறிய கதையை உற்சாகமாகச் சொன்னார். "அந்த நாள்ல நெலத்தை மிரட்டி எழுதி வாங்கினாங்கன்னு சொல்வாங்களே?" என்றதும் குரல் இறங்கியது. பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, திருப்பருத்திக்குன்றம் ஸ்ரீதர் தனபாலைத்தான் இருவரும் நினைத்தோம். சாராயத்தில் தொடங்கி நிலத்துக்கு வந்தவர் என்று போலீஸ் சொன்ன ஆள். துபாய்க்குத் தப்பி, சொத்துகளை அமலாக்கத்துறை முடக்க, 2017 அக்டோபரில் கம்போடியாவில் சயனைடு தின்று இறந்தார். அப்புறம் அவர் இடத்துக்கு யார் என்பதில் சில ஆண்டுகள் ஊரில் ரத்தம் சிந்தியது.

கட்டப் பஞ்சாயத்தும் மிரட்டலும் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் காவல் நிலையங்களில் நில அபகரிப்புப் புகார் வரிசை கட்டி நிற்கவில்லை. 2011இல் மாவட்டந்தோறும் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவு திறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பத்திரங்களோடு ஜனங்கள் வந்து நின்றார்கள். வழக்குகள் குவிந்தன. நடந்தது எல்லாம் முன்பே நடந்தது. எண் ஏறியதற்குக் காரணம், சொல்லத் துணிவு வந்தது. அந்த ஆண்டின் அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் தமிழ்நாடு திடீரென்று கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்வார்.

"இப்ப அந்த மாதிரித் தொல்லை ஒண்ணும் இல்லியே?" என்று தரகரைக் கேட்டேன்.

"புகாரே வர்றதில்ல சார்" என்றார்.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கவேண்டும், தாய்ப் பத்திரமும் வேண்டும் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. எத்தனை கை மாறிய மனை என்று கேட்டேன். நாலு கை இருக்கும் என்று சொல்லி, சர்வே நம்பரை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.