பேடாகாட் வழியில் கேட்ட ‘டக்’ ஒலி

ஜபல்பூரில் குடியேறிய நம்மவர் இல்லத்திற்கு ஊரிலிருந்து எவர் வந்தாலும், அவரை முதலில் பேடாகாட்டிற்கு அழைத்துச் செல்வது வழக்கம். நர்மதை நதி சலவைக்கல் குன்றுகளைப் பிளந்து செல்லும் அவ்விடம், நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்ற டிசம்பரில் எங்கள் அன்னையார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். நர்மதையைக் காண்பது அவருடைய நெடுநாளைய அவா.

எங்களிடம் உள்ளது பழைய அம்பாசிடர். 2014-ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் வண்டி அதற்கும் வெகுகாலம் மூத்தது. அண்டை வீட்டு அண்ணாச்சியையும் சேர்த்து ஆறு பேர் ஏறிக்கொண்டோம். அவர் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நகரைத் தாண்டியதும் பின்பக்கத்தில் ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது. டிக்கியில் ஸ்டெப்னி உருளுகிறது என்று எண்ணி, அதையும் ஜாக்கியையும் வெளியில் எடுத்துவைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒலி நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அருவியைக் காண வேண்டுமே என்ற பரபரப்பில், “போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்றோம். அண்ணாச்சி இணங்கவில்லை.

“தம்பி, சத்தம் எங்கே வருகிறது என்று பிறகு பார்ப்போம். எப்போது வருகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார்.

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. ரயில்வேயில் இருந்தும் நாங்கள் கண்டது காகிதங்களையே. அவரோ சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, நாதம் தெளிவாக எழுகிறதா, மந்தமாக எழுகிறதா என்று கேட்டே விரிசலை அறிந்த தலைமுறையினர்.

எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியின் பின்புறத்தை அழுத்தி ஆட்டினார். ஒருமுறை எழும்பித் தணிந்தது, ஒலியில்லை. ஆகவே ஷாக் அப்சார்பர் மீது அவருக்குச் சந்தேகம் எழவில்லை. ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் சிறு பள்ளங்களில் எல்லாம் அது கடகடக்கும் என்றார். பிறகு சமமான சாலையில் பத்தடி ஓட்டி நிறுத்தச் சொல்லி, ஓரமாக நின்று செவி கொடுத்தார். புறப்படும்போது ஒரு ‘டக்’. பிரேக் மிதித்ததும் மற்றொரு ‘டக்’. “அச்சு நகருகிறது” என்றார்.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அச்சை ஸ்பிரிங் பட்டைகளோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டுகளின் அருகே, துருவுக்கு நடுவில் இரும்பு பளபளத்தது. ஸ்பானரை வைத்ததும் நட்டு இலகுவாகச் சுழன்றது.

எங்களுக்குச் சுருக்கென்றது. முந்திய மாதந்தான் புதுப்பட்டைகள் போட்டிருந்தோம். அவை ஓட ஓடப் படிந்து தணியும், நட்டுகள் தளரும், சில நூறு கிலோமீட்டருக்குப் பின் கொண்டுவந்து மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் மறந்தோம். பட்டைகளின் நடுவேயுள்ள போல்ட்டும் அறுந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் விலகி வண்டி கோணிக்கொண்டு ஓடியிருக்கும். பின் இருக்கையில் அன்னையாரும் குழந்தைகளும் இருந்தனர்.

நல்லவேளை, நடு போல்ட்டு முறியவில்லை. வண்டியின் பாரம் சக்கரங்களின் மீதே இருக்க, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, எட்டு நட்டுகளையும் மாறி மாறி முறுக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகலாகாது என்று எங்களை வேறு கண்டித்தார்.

பின்னர் மெதுவாகவே சென்றோம். வழியிலுள்ள தேவர் என்னும் சிற்றூரில் நிறுத்தி நட்டுகளை மீண்டும் தொட்டுப் பார்த்தோம். களசூரி மன்னர்களின் தலைநகராகிய திரிபுரி இருந்த இடம் அது. 1939-இல் காங்கிரஸ் மகாசபை கூடியதும் அப்பகுதியில்தான். ஊரின் பெயரைக் கேட்டு அன்னையார் சிரித்தார்.

பேடாகாட்டை அடைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. படகில் சென்றோம். இருமருங்கும் வெண்மையும் இளநீலமுமாகப் பாறைச் சுவர்கள். படகோட்டி எதுகை சேர்த்துச் சொல்லிய இந்திக் கதையைக் குழந்தைகள் அன்னையாருக்கு மொழிபெயர்த்தனர். துவாந்தார் அருவியில் நீர்த்திவலை புகைபோல் எழுந்து எங்கள் முகத்தை நனைத்தது. அன்னையார் நெடுநேரம் கைகூப்பி நின்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பட்டறைக்குச் சென்று நான்கு யு போல்ட்டுகளையும் புதிதாக மாற்றிக்கொண்டோம். மறுபடி முறுக்க வேண்டிய தேதியை நாட்காட்டியில் அன்னையாரே சிவப்பு மையினால் குறித்துவைத்துவிட்டு ஊர் திரும்பினார்.