எடை குறைஞ்ச பிறகும் ரத்தப் பரிசோதனை

எடை குறைப்பு ஆபரேஷன் செஞ்சு பல வருசமாச்சு. இப்பவும் வருசா வருசம் லேப்புக்குப் போறேன். "நல்லாத்தானே இருக்கறீங்க, இன்னும் எதுக்குங்க டெஸ்ட்டு?"ன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க.

நல்லா இருக்கும்போதே பார்க்க வேண்டிய டெஸ்ட் இது. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சத்து உடம்புல சரியா சேராமப் போகலாம். ஆனா வைட்டமின் பி12 ஈரல்ல சில வருசத்துக்குக் கையிருப்பா இருக்கும். அது தீர்ற வரைக்கும் பெருசா எதுவும் தெரியாது. அப்புறம் பாதம் மரத்துப்போகும், மறதி வரும். ஹீமோகுளோபின் சரியா இருந்தும், இரும்புக் கையிருப்பைக் காட்டற ஃபெரிட்டின் அடிமட்டத்துல இருக்கலாம். கால்சியம் நார்மல்னு வரலாம். எலும்புல இருந்து உருவித்தான் அந்த அளவு நிக்குதுங்கறதை பாராதைராய்டு ஹார்மோன் டெஸ்ட்தான் காட்டிக்கொடுக்கும்.

நம்ம ராகிக்களியும் முருங்கைக்கீரையும் சத்தானதுதான். ஆனா பி12 அதுல கிடைக்காது. சைவம் சாப்பிடறவங்க கூடுதல் கவனமா இருக்கணும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீங்க, 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. இரும்பு மாத்திரையை காபி, டீயோட போடவே வேண்டாம்.

ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சின்னு எங்கிருந்தோ கோவைக்கு வந்து ஆபரேஷன் செஞ்சுட்டுப் போனவங்களுக்குச் சொல்றேன்: பழைய ரிப்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்க. ஒரு வருசம் தாண்டியிருந்தா, இந்த வாரமே டாக்டரைப் பாருங்க.